வீக்கம் வற்றினால் கிருமி செத்துவிட்டதா?

"அப்பாவுக்கு 63 வயது, பத்து வருசமாகச் சீனி வருத்தம். வயலில் முள்ளுக் குத்திக் குதிக்காலில் புண். ஆஸ்பத்திரியில் ஏழு நாளைக்கு அன்ரிபயோட்டிக் தந்தார்கள், மூன்றாம் நாள் வயிற்றோட்டம். பக்கத்து ஊர்ப் பரியாரியார் நொச்சி, குப்பைமேனி, மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டார். இரண்டு நாளில் வீக்கம் பாதியாக வற்றிவிட்டது, நோவும் இல்லை. மூலிகைச் சாறுகள் கிருமியைக் கொல்லும் என்று ஆய்வுகூடங்களில் நிரூபித்திருக்கிறார்கள் என்றும் வாசித்தேன். குளிசையை நிறுத்திவிட்டு இதையே தொடரலாமா?" கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதியதன் சாரம் இது.

குளிசையை நிறுத்தலாமா என்பது மேலே தெரிகிற கேள்வி. அடியில் கிடப்பது வேறு. வீக்கம் வற்றியதைக் கிருமி போய்விட்டதற்கு அடையாளமாக எடுக்கலாமா, ஆய்வுகூடக் கிண்ணத்தில் கிருமியைக் கொன்ற இலை அப்பாவின் காலுக்குள்ளும் கொல்லுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் இதை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிசை தந்த இடத்திலேயே போய் வயிற்றோட்டத்தைச் சொல்லுங்கள். கோ-அமொக்சிக்ளாவ் போன்ற அன்ரிபயோட்டிக்குகள் வயிற்றைக் கலக்குவது வழமை. சாப்பாட்டுடன் சேர்த்து விழுங்கச் சொல்வார்கள், அல்லது வேறொன்றுக்கு மாற்றித் தருவார்கள். ஒரு நாளில் பலதரம் தண்ணியாய்ப் போனால், இரத்தம் கலந்தால், அன்றைக்கே போகவேண்டும்.

நான் டொக்டர் இல்லை. இருபத்தாறு வருசம் அரச ஆஸ்பத்திரி லாப்புகளில் எம்.எல்.ரி.யாக, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக, இருந்தவன். அதில் பெரும்பகுதி கல்ச்சர் மேசையில் கழிந்தது. சீழ், சலம், சளி, இரத்தம் என்று வருவதை வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற வேலை. அம்மப்பா முள்ளியவளைப் பக்கத்தில் பரியாரியாக இருந்தவர். ஆகவே பத்துக்கும் எனக்கும் பழைய உறவு. இலையைக் கண்டால் சிரிக்கிற ஆள் நான் இல்லை. அப்பாவின் காலை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முள்ளுக் குத்திய இடத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, கிருமி பெருகுவது. மற்றது, அந்தக் கிருமியைக் கண்டு உடம்பு செய்கிற ஆர்ப்பாட்டம். இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, வெள்ளை அணுக்கள் திரண்டு வருகிற அந்த ஆர்ப்பாட்டத்தைத்தான் அழற்சி என்கிறோம். சிவப்பு, சூடு, வீக்கம், நோவு எல்லாம் உடம்பின் கைவேலை, கிருமியின் கைவேலை அல்ல. ஆகவே ஆர்ப்பாட்டத்தை அடக்குகிற மருந்தும் கிருமியை அடக்குகிற மருந்தும் வேறு வேறாக இருக்கலாம். ஸ்ரீரோயிட் ஊசி போட்டால் வீக்கம் மளமளவென்று வற்றும், ஆனால் கிருமிக்கு அது கொண்டாட்டம். டைக்ளோஃபெனாக் போட்டால் நோவு போகும், கிருமி ஒன்றுகூடச் சாகாது. அஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி விளக்கினார். உடம்பு புரோஸ்ரகிளாண்டின் என்ற பொருளைச் செய்வதை அது தடுக்கிறது, அவ்வளவுதான். அதற்காக 1982இல் நோபல் பரிசும் கிடைத்தது. எங்கள் மூலிகைகளில் பலவற்றுக்கு உண்மையான பலம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நொச்சி இலைச் சாறு விலங்குச் சோதனைகளில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின், அழற்சியைத் தூண்டுகிற சமிக்ஞைகளைத் தணிக்கிறது. பரியாரியார் போட்ட பத்து வீக்கத்தைக் குறைத்தது என்றால் நான் நம்புகிறேன். கூடவே அப்பா மூன்று நாள் குளிசையும் போட்டிருக்கிறார், பத்துப் போட்டபின் காலைத் தூக்கி வைத்துப் படுத்தும் இருந்திருப்பார். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதில் என்னைப் பயப்படுத்துவது "நோவும் இல்லை" என்று நீங்கள் எழுதிய சொல். பத்து வருசச் சீனி வருத்தக்காரரின் பாதத்தில் நரம்பு மரத்துப் போயிருக்கக் கூடும். செருப்புக்குள் கல்லுக் கிடந்தும் தெரியாமல் ஒரு நாள் முழுக்க நடந்த ஆட்களின் புண்ணிலிருந்து எத்தனையோ சீழ்க் குச்சிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் வீக்கம், சிவப்புக்கூட அடக்கமாகத்தான் தெரியும். மேலே தோல் மூடி, கீழே சீழ் எலும்பை நோக்கிப் போகும். ஆகவே இவர்களிடம் நோவை நம்பாமல் வேறு அடையாளம் பார்க்கவேண்டும். வழமைபோலச் சாப்பிட்டு வழமைபோல மருந்து எடுத்தும் சீனி காரணமில்லாமல் ஏறினால், உள்ளே எங்கோ கிருமி வேலை செய்கிறது என்று எடுக்கலாம். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் இப்போதைக்கு அதுதான் உங்கள் கண்.

இனி அந்த "ஆய்வுகூடங்களில் நிரூபித்த" கதை. அதை எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். அகார் என்ற, கிருமி வளர்க்கிற கூழ் ஊற்றிய கிண்ணத்தில் கிருமியைப் புல்வெளிபோலப் பூசுவோம். நடுவில் சின்னக் குழி தோண்டிச் சாறு விடுவோம், அல்லது சாறு ஊறிய 6 மில்லிமீற்றர் காகித வட்டம் வைப்போம். இரவு முழுக்க 35, 37 பாகைச் சூட்டில் வைத்து, காலையில் அந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராத வெறும் இடம் எத்தனை மில்லிமீற்றர் என்று அளப்போம். சில வருசங்களுக்கு முன் உயர்தரம் படிக்கிற பிள்ளையொன்று விஞ்ஞானக் கண்காட்சிக்காகக் குப்பைமேனிச் சாறு கொண்டுவந்தது. ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிக்கு மேல் விட்டேன். அடுத்த நாள் 14 மில்லிமீற்றர் வட்டம். பிள்ளைக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம், எனக்கும் சந்தோசம், உடனே படமும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது, சாறு எடுத்தது அல்ககோலில். இலையே போடாத வெறும் அல்ககோலைத் திரும்ப விட்டுப் பார்த்தேன். 11 மில்லிமீற்றர். குப்பைமேனியின் பங்கு அந்த மிச்சம்தான். வெறும் கரைப்பானையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதது இருபது வருச அனுபவக்காரனான என் பிழை, பிள்ளையின் பிழை இல்லை. அதன்பின் இப்படிக் கட்டுரை எதை வாசித்தாலும் முதலில் தேடுவது அந்த வெறும் கரைப்பானின் வட்டம் எவ்வளவு என்பதைத்தான். கடுக்காய், ஆவரசம்பட்டை போலத் துவர்ப்புக் கூடியவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தத் துவர்ப்பைத் தருகிற தனின்கள் கண்ட புரதத்தையெல்லாம் பிடித்து உறையவைக்கும். கிண்ணத்தில் நல்ல வட்டம் வரும், ஆனால் உடம்புக்குள் போனால் அதே தனின் சாப்பாட்டிலும் குடல் சுவரிலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

வட்டத்தை விட முக்கியம் அளவு. மருந்துக்கு அடங்குகிற ஒரு சாதாரணக் கிருமியை நிறுத்த, நல்ல அன்ரிபயோட்டிக் மில்லிலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும். இலைச் சாறு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தாலே ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பெரும்பாலான சாறுகளுக்கு ஆயிரம், அதற்கு மேல் என்று வேண்டியிருக்கும். ஆயிரம் மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராம். அப்பாவின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம். அதில் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் நிற்கவேண்டுமென்றால், குடித்த சாற்றில் ஐந்து கிராம் உலர்சத்து அப்படியே இரத்தத்துக்குள் ஏறி அங்கேயே தங்கவேண்டும். குடலில் உறிஞ்சாமல் போவது, ஈரல் உடைத்துத் தள்ளுவது, சிறுநீரில் கழிவது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நடக்கிற காரியமில்லை. குர்குமின் இதற்கு நல்ல உதாரணம். கிண்ணத்தில் கெட்டிக்காரன், தண்ணியில் கரையாதவன். விழுங்கினால் இரத்தத்தில் தேடவேண்டியிருக்கும். ஆனால் தோலுக்கு மேல், வாய்க்குள், பல்லில் கணக்கு வேறு. அங்கே மருந்தை நேரே, கெட்டியாக வைக்கலாம். கராம்புச் சத்தான யூஜினோலைப் பல் டொக்டர்மார் இன்றைக்கும் பாவிக்கிறார்கள். ஓமத்திலுள்ள தைமோல் வாய் கொப்புளிக்கிற மருந்துகளில் இருக்கிறது. தாவரச் சாறு பக்ரீரியாவை நேரே கொல்லுகிற இடம் என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது மேற்பரப்புத்தான்.

எல்லாக் கிருமியும் ஒரே சாதியும் இல்லை. கிராம் என்ற சாயச் சோதனையை வைத்து லாப்பில் அவற்றை இரண்டு இனமாகப் பிரிப்போம். ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற கிராம் பொசிற்றிவ் கிருமிகள் இலைச் சாற்றுக்கு ஓரளவு அடங்கும். ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகற்றிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு மேலுறை உண்டு, உள்ளே புகுந்ததை வெளியே இறைக்கிற பம்பும் உண்டு. அவற்றில் இலைச் சாறு தோற்பதுதான் அதிகம். சீனி வருத்தக்காரரின் பழைய புண்ணில் இரண்டு இனமும் கலந்தே இருக்கும். பென்சிலின் பூஞ்சணத்திலிருந்து வந்தது, ஸ்ரெப்ரோமைசின் மண்ணில் வாழ்கிற பக்ரீரியாவிலிருந்து வந்தது. உள்ளுக்கு எடுக்கிற அன்ரிபயோட்டிக் என்று ஆஸ்பத்திரி அலுமாரியில் இருக்கிற எதுவும் இலையிலிருந்து வந்ததல்ல. இவ்வளவு காலம், இவ்வளவு பேர் தேடியும் அப்படி இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிய ஒரு விசயம் எனக்கு மிகப் பிடிக்கும். மரமஞ்சளில், சிங்களத்தில் வெனிவெல் என்கிறார்களே அதில், இருக்கிற பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் பெர்பெரிஸ் இனச் செடிகளிலும் உண்டு. ஸ்ரபிலோகொக்கஸ் அந்தப் பெர்பெரினைத் தன் பம்பால் வெளியே இறைத்துவிடும். ஆனால் அதே பெர்பெரிஸ் செடிக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது. தனியே அது கிருமியை ஒன்றும் செய்யாது, பம்பை மட்டும் அடைக்கும். இரண்டும் சேர்ந்தால் கிருமி மாட்டிக்கொள்ளும். "சத்தைப் பிரித்தால் பலன் போய்விடும், முழு மூலிகையாகக் கொடு" என்று பரியாரிமார் சொல்வதில் இப்படியான இடங்களில் நியாயம் உண்டு. ஆனால் இதுவும் கிண்ணத்தில் கண்டதுதான், ஒருவரின் காலில் கண்டது அல்ல.

சாறு எடுக்கிற முறை பிழையானால் நல்ல செடியும் வீண். மலேரியா வன்னியைத் தின்ற காலத்தை எங்கள் தலைமுறை மறக்காது. இன்று இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்திருக்கிறது. அந்த நோயைத் தருவது பக்ரீரியா அல்ல, ஒட்டுண்ணி. அதற்கு இன்று முதன்மையான மருந்தான ஆர்ட்டிமிசினின், சீனத்து மூலிகையொன்றிலிருந்து வந்தது. து யூயூ என்ற அம்மையாரின் குழு அதை முதலில் சூடாக்கிச் சாறெடுத்துத் தோற்றது. நான்காம் நூற்றாண்டுச் சீன வைத்திய நூலொன்றில் "ஒரு பிடி இலையைத் தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து குடி" என்று இருந்ததைக் கண்டு, அவிக்கச் சொல்லவில்லையே என்று யோசித்து, 1971இல் குறைந்த சூட்டில் ஈதரில் எடுத்தார்கள். வேலை செய்தது. 2015இல் நோபல் பரிசு. எங்கள் உள்ளியும் இந்தச் சாதிதான். நசித்தால்தான் அதற்குள்ளிருக்கும் நொதியம் வேலை செய்து அல்லிசின் உருவாகும், முழுப் பல்லாய்ப் போட்டு அவித்தால் நொதியம் செத்துவிடும். ரசத்தில் மிதக்கிற உள்ளி ருசிக்கு நல்லது, கிருமிக்கு அல்ல. அம்மப்பா மஞ்சளை ஒருபோதும் வெறும் தண்ணியில் அவித்துக் கொடுத்ததை நான் காணவில்லை. எண்ணெயில்தான் காய்ச்சுவார், மெழுகு பதமா மணல் பதமா என்று விரலில் உருட்டிப் பார்த்து இறக்குவார். குர்குமின் எண்ணெயில் கரையும் என்று அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

அழற்சிப் பக்கத்தில் மனிதரிலேயே செய்த நல்ல ஆய்வுகள் உண்டு. தாய்லாந்தில் முழங்கால் தேய்வுள்ள 367 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சத்து, 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபெனுக்கு ஏறக்குறைய ஈடாக நோவைக் குறைத்தது. வயிற்று நோவு குறைவு. நான்கு வாரம்தான் பார்த்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் அது கெட்டியாக்கிய சத்து. கடை மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். அந்த அளவுக்கு வரப் பத்துத் தேக்கரண்டிக்குக் குறையாமல் விழுங்கவேண்டும், கறி வைக்கிற கணக்கு இல்லை. அழற்சியை அடக்குகிற தாவரங்களில் மிகப் பலமானது எது என்று கேட்டால் நான் கார்த்திகைப்பூச் செடியைக் காட்டுவேன். மழை தொடங்கினால் எங்கள் பற்றை, வேலியெல்லாம் ஏறி நிற்கிறதே, அதேதான். அதன் கிழங்கிலுள்ள கொல்சிசின் கவுட் என்கிற மூட்டு வாதத்துக்கு இன்றைக்கும் குளிசையாகக் கொடுபடுகிறது, அரை மில்லிகிராம் கணக்கில். அதே கிழங்கைத் தின்று செத்தவர்கள் இலங்கையில் எத்தனையோ பேர். பலன் இருக்கிற செடிக்கு நஞ்சும் இருக்கும், இடையில் நிற்பது அளவு மட்டும்தான்.

இப்போது அப்பாவின் பத்துக்கு வருவோம். நொச்சி, மஞ்சள் இரண்டையும் புண் இல்லாத, வெடிக்காத தோலில் வீக்கத்துக்குப் போடுவதை நான் தடுக்கமாட்டேன். வாய் திறந்த புண்ணுக்கு மேல் போடுவதுதான் எனக்குச் சரிப்படவில்லை. அம்மப்பாவும் போடமாட்டார். புண்ணைச் சுற்றி வட்டமாகப் போட்டு நடுவை விட்டுவிடுவார், "அது மூச்சு விடவேணும்" என்பார். மூச்சோ என்னவோ, லாப்பில் நான் கண்ட காரணம் வேறு. ஒரு முறை நோயாளி கட்டிவந்த பத்தையே கொஞ்சம் எடுத்து வளர்த்துப் பார்த்தேன். கிண்ணம் நிறையக் கிருமி. அம்மி, கை, கிணற்றுத் தண்ணி, இலையில் ஒட்டிய மண் எல்லாம் அதில் இருக்கின்றன. மண்ணில் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் கிடக்கும், அவை அவித்தாலும் லேசில் சாகாது. அப்பாவுக்கு ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்று, பத்துக் காய்ந்து இறுகினால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. மருந்து கட்ட வருகிற நேர்ஸ் அதைச் சுரண்டி எடுக்கையில் புதுத் தோலும் சேர்ந்து வரும்.

ஏதாவது வீட்டுக் கைமுறை வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்ததில் தேனுக்குத்தான் ஆதாரம் கூட. தொண்ணூறுகளில் மருந்து சீராக வராத நாட்களில் வேப்பம்பட்டை அவித்த தண்ணியால் கழுவி, காட்டுத் தேன் பூசித் துணி கட்டிய புண்கள் ஆறியதை இளந்தாரியாக இருந்தபோது நானே கண்டேன். ஆறாததையும் கண்டேன், அவற்றைப் பற்றித்தான் யாரும் கதைப்பதில்லை. தேன் தன் இனிப்பால் கிருமியின் தண்ணியை உறிஞ்சும், புளிப்புத் தன்மை உண்டு, கொஞ்சங் கொஞ்சமாக ஐதரசன் பெரொக்சைட்டும் விடும். மேலோட்டமான தீக்காயங்களில் அது ஆறுவதை விரைவாக்குகிறது என்பதற்கு நல்ல ஆய்வுத் தொகுப்புகள் உண்டு. சீனி வருத்தக்காரரின் பாதப் புண்ணுக்கு அந்த உறுதி இன்னும் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கென்று வருகிற தேன் காமாக் கதிரில் கிருமி நீக்கியது. சந்தியில் போத்தலில் விற்பதில் சீனிப்பாணி எவ்வளவு, தேன் எவ்வளவு என்பது விற்கிறவருக்குத்தான் வெளிச்சம். ஆகவே கட்டுகிறவரிடம் கேட்காமல் அதையும் பூசாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் வாயில் வைக்கக்கூடாது என்பது தனிக் கதை.

"உள்ளுக்கும் குடிக்கலாமா" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக யாராவது சொல்லுவார்கள் என்பதால் எழுதுகிறேன். குப்பைமேனியைக் கஞ்சியில் போட்டுக் குடித்து, ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த ஆட்களுக்குச் சிவப்பணு உடைந்து சலம் கறுத்துப் போன சம்பவங்கள் இலங்கையிலேயே பதிவாகியிருக்கின்றன. அந்தக் குறை தங்களுக்கு இருப்பது பலருக்கும் தெரியாது. ஆடுதீண்டாப்பாளையில் அரிஸ்ரோலோகிக் அமிலம் உண்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் கொண்டுவரும். இதில் சந்தேகமே இல்லை. வவுனியா, முல்லைத்தீவில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். வேப்பெண்ணெய் தோலுக்குச் சரி, குழந்தைகளுக்குப் பருக்கி மூளையும் ஈரலும் பாதித்த சம்பவங்கள் மலேசியாவிலிருந்து 1981இல் வெளிவந்தன. மிளகு, திப்பிலி கலந்த சூரணங்கள் வேறு மருந்துகளை இரத்தத்தில் கூட்டிவிடும். இது கெடுதலுக்கு மட்டுமல்ல. இந்தியாவில் காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200க்குக் குறைத்து, மிளகுச் சத்தான பிப்பரின் 10 மில்லிகிராம் சேர்த்து ஒரு மருந்தே செய்தார்கள். ஆனால் அளந்து செய்வது வேறு, அப்பா வலிப்புக் குளிசையோ இரத்தம் உறையாமலிருக்கிற குளிசையோ எடுக்கையில் தெரியாமல் சேர்வது வேறு. அதோடு, காலபோக விதைப்பில் நின்றவருக்குக் காய்ச்சலும் கண் மஞ்சளும் வந்தால் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்ரிபயோட்டிக்குக்கு நன்றாக அடங்குகிற கிருமி, பிந்தினால் சிறுநீரகத்தைக் கொண்டுபோய்விடும். கடைசியாக, இரண்டு நாளில் எந்த நோவையும் எடுக்கிற பெயரில்லாத தூள், குளிசை யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள். மூலிகை என்ற பெயரில் ஸ்ரீரோயிட் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது, சீனி வருத்தக்காரருக்கு அது இரட்டைக் கேடு.

பரியாரியாருடன் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. இலங்கையில் சுதேச வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறுகிறார்கள். கைதடியில் யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பை முடித்த வைத்தியர்கள் வன்னியில் அரச நிலையங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் காலைக் காட்டினால் பெரும்பாலும் நான் சொல்வதையேதான் சொல்லுவார்கள். என்ன இலை, எத்தனை நாள் என்று ஒரு துண்டில் எழுதி டொக்டரிடமும் கொடுங்கள். ஏச்சு விழும் என்று மறைப்பதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

எத்தனை நாள் குளிசை என்பது டொக்டர் முடிவெடுக்கிற விசயம். தசைக்குள் நிற்கிற கிருமிக்குப் பொதுவாக ஒன்று இரண்டு வாரம், எலும்பைத் தொட்டிருந்தால் ஆறு வாரம்வரை போகும். புண்ணைச் சுற்றிய சிவப்பின் ஓரத்தைப் பேனையால் கோடு போட்டுவிட்டுத் தினமும் பாருங்கள். கோட்டைத் தாண்டினால், மணம் வந்தால், கறுத்தால், காய்ச்சல் குளிர் பிடித்தால் கிளினிக் நாள்வரை பார்த்திருக்காதீர்கள்.

போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள், இது லாப்புக்காரனாகக் கேட்பது. சீழ் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தப் படிவத்தில் "கமக்காரர், வயலில் முள்ளுக் குத்தியது, சீனி வருத்தம்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வயல் மண்ணிலும் சேற்றுத் தண்ணியிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிற கிருமி இலங்கையில் இருக்கிறது, சீனி வருத்தக்காரரைத்தான் கூடத் தேடிப் பிடிக்கும். வழமையான அன்ரிபயோட்டிக்குகள் பலவற்றுக்கு அது அசையாது. செஃப்ராசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி பத்து நாளுக்குக் குறையாமல், பிறகு மாதக்கணக்கில் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை வேண்டும். கிண்ணத்தில் அது மெதுவாக வளரும். அவசரத்தில் பார்க்கிறவருக்குச் சாதாரண சூடோமோனாஸ், எங்கிருந்தோ கலந்துவிட்ட அழுக்கு என்று தெரியும். ஒன்றும் எழுதாத படிவத்தோடு வந்தால் நாங்கள் இரண்டாம் நாள் கிண்ணத்தைத் தூக்கி வீசிவிடுவோம். "கமக்காரர்" என்ற ஒரு சொல் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்போம்.